எல்லா அறைகளிலும் ஒரே பாட்டு, ஒரே நேரத்தில்: வீட்டு ஆடியோ அமைப்புக்கு முழுமையான வழிகாட்டி

இரண்டு அறைகளில் ஒரே பாட்டை ஓடவிடுவது பெரிய வித்தையில்லை. இரண்டு போன்களை இரண்டு ஸ்பீக்கர்களில் இணைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி பிளே அழுத்தினால் ஓடும். இரண்டு அறைகளுக்கும் நடுவே வாசலில் வந்து நின்றால்தான் வண்டவாளம் தெரியும். ஒரு பக்கம் பல்லவி முடிந்திருக்கும், மறுபக்கம் கடைசிச் சொல் அப்போதுதான் வந்துகொண்டிருக்கும்.

கதவை மூடிக்கொண்டு தனியாகக் கேட்கும் அறைக்கு ஒத்திசைவே தேவையில்லை. அரை விநாடி பிந்தினாலும் யாருக்கும் தெரியாது. ஒரே இடத்தில் நிற்கும்போது இரண்டு அறை ஸ்பீக்கர்களும் காதில் விழுகிற இடங்களுக்காகத்தான் இவ்வளவு வேலையும். அந்த இடங்கள் எவை என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் செலவும் அலைச்சலும் நிறையக் குறையும்.

ஏன் விலகுகிறது?

சிடி தரத்து ஒலியில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள் உண்டு. இவற்றை எந்த வேகத்தில் வெளியே தள்ள வேண்டும் என்பதை ஒவ்வொரு பிளேயருக்குள்ளும் (பாட்டை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் கருவி) இருக்கும் ஒரு படிகக் கடிகாரம் முடிவு செய்கிறது. எந்த இரண்டு படிகங்களும் துல்லியமாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், நிமிடத்துக்கு 3 மில்லி விநாடி விலகும், ஒரு மணி நேரத்தில் 180 மில்லி விநாடி ஆகிவிடும். ஆக, சேர்ந்து தொடங்குவது ஒரு வேலை, தொடங்கிய பிறகு சேர்ந்தே ஓட வைப்பது இன்னொரு வேலை. பல மலிவான தீர்வுகள் முதல் வேலையை மட்டும் செய்துவிட்டுக் கைகழுவிவிடுகின்றன.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் பயணிக்கிறது. அறைக்குள் நீங்கள் மூன்றரை மீட்டர் நகர்ந்தாலே 10 மில்லி விநாடி மாறிவிடும். அடுத்தடுத்து வரும் ஒரே ஒலியைக் காது ஒன்றாகவே சேர்த்துக் கேட்கும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அந்த இடைவெளி ஏறத்தாழ 30 மில்லி விநாடியைத் தாண்டும்போது எதிரொலியாகப் பிரிந்து கேட்கத் தொடங்குகிறது. தாளக்கருவி ஒலிகளில் அதற்கு முன்பே உறுத்தும். அதனால் பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு 10 மில்லி விநாடிக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்றுக்கும் இரண்டுக்கும் துரத்துவது வீண்.

ஒரே ஒரு விதிவிலக்கு: ஒரே அறையில் இடது ஸ்பீக்கருக்கு ஒரு பிளேயர், வலது ஸ்பீக்கருக்கு இன்னொரு பிளேயர் என்று வைக்காதீர்கள். ஸ்டீரியோவில் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நழுவல்கூடப் பாடகரை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஒரு அறைக்கு ஒரு பிளேயர், அதிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் கம்பி.

எந்த வழி?

பெட்டியைப் பிரித்து, செயலியைத் திறந்து, பத்து நிமிடத்தில் பாட்டு வேண்டும் என்றால் சோனோஸ், ஏர்பிளே 2, கூகுள் காஸ்ட் போன்ற தயார் அமைப்புகள் இருக்கின்றன. ஒரே குடும்பத்துப் பொருள்களை மட்டும் வாங்கினால் நன்றாகவே ஒத்திசையும். ஒரு குடும்பத்து ஸ்பீக்கரை இன்னொரு குடும்பத்தோடு சேர்க்கும்போதுதான் தகராறு. அப்புறம், தயாரிப்பு எப்போது நிற்கும் என்பது நம் கையில் இல்லை. பழைய ஸ்பீக்கர்களையும் ஒத்திசைவில் சேர்க்க உதவிய குரோம்காஸ்ட் ஆடியோ 2019 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது.

இந்த வழிகாட்டி லிரியன் மியூசிக் சர்வரைப் பற்றியது. வீட்டில் ஒரு கணினியில் இருந்துகொண்டு, எல்லா அறைகளின் பிளேயர்களுக்கும் பாட்டை அனுப்பும் இலவச மென்பொருள் இது. இதன் கதை சுவாரசியமானது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் ஸ்குவீஸ்பாக்ஸ் உள்ளிட்ட தன் பிளேயர்களுக்காக எழுதிய சர்வர் இது. 2006இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012இல் ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசை நிறுத்தப்பட்டது. ஆனால் சர்வரின் மூலநிரல் திறந்தே இருந்ததால், அதை நேசித்தவர்கள் விடாமல் பராமரித்தார்கள். 2024இல் லாஜிடெக் பெயரை விட்டு லிரியன் ஆனது. ஒத்திசைவு என்பது இதில் பின்னால் ஒட்டவைத்த வசதி அல்ல. ஒவ்வொரு பிளேயரும் தான் எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சர்வருக்கு அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்கும். யாராவது முந்தினால் சர்வர் கொஞ்சம் நிறுத்திப் பிடிக்கும், பிந்தினால் சில மாதிரிகளைத் தாண்டச் சொல்லும்.

ஸ்னாப்காஸ்ட் என்ற இன்னொரு இலவசத் தீர்வும் உண்டு. ஒவ்வொரு ஒலித்துண்டிலும் நேரமுத்திரை குத்தி அனுப்பும். ஒத்திசைவு இன்னும் நுணுக்கமானது, ஆனால் அது ஒலியைக் கொண்டுசேர்க்கும் குழாய் மட்டுமே. பாட்டு நூலகம், தேடல், அலாரம் எல்லாவற்றுக்கும் வேறு மென்பொருளைப் பின்னால் பொருத்த வேண்டும், பெரும்பாலும் கட்டளை வரியில். முதல் முறை அமைப்பவருக்கு என் சிபாரிசு லிரியன்தான். எல்லாவற்றையும் உலாவியிலேயே முடித்துவிடலாம்.

படி 1: அறைகளைப் பாருங்கள்

ஒரு தாளில் வீட்டை வரைந்து, எங்கெல்லாம் ஸ்பீக்கர் வரும் என்று குறியுங்கள். எந்த இரண்டு அறைகள் ஒன்றுக்கொன்று காதில் விழும் என்று கோடு போடுங்கள். கூடமும் சமையலறையும் பெரும்பாலும் இணைந்திருக்கும். மாடி அறைக்குத் தனிக் கோடு வேண்டியிருக்காது. கோடு விழுந்த அறைகளில் ஒரே மாதிரியான பிளேயர், ஒரே மாதிரியான இணைப்பு வைப்பது வேலையைப் பாதியாக்கும், ஏனெனில் இரண்டிலும் தாமதம் ஒன்றாகவே இருக்கும். கோடு விழாத அறைகளில் கையில் கிடைத்ததை வைத்து ஓட்டலாம்.

படி 2: சர்வர்

எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு கணினி போதும். பழைய லேப்டாப், நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி, உள்ளங்கை அளவே உள்ள ராஸ்பெர்ரி பை கணினியின் 3 அல்லது 4ஆம் மாதிரி, எதுவானாலும் சரி. லேப்டாப் என்றால் மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைத்துவிடுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் நிறுவிகள் லிரியன் தளத்தில் கிடைக்கின்றன. நிறுவியதும் அதே வீட்டு நெட்வொர்க்கில் உள்ள எந்த உலாவியிலும் சர்வரின் ஐபி முகவரியை எழுதி, அதன் பின்னே முக்காற்புள்ளி வைத்து 9000 என்று சேர்த்தால் அமைவுப் பக்கம் திறக்கும். எடுத்துக்காட்டாக 192.168.1.10:9000. பாட்டுக் கோப்புறை எங்கே, பிளேலிஸ்ட் கோப்புறை எங்கே என்று கேட்கும். காட்டிவிட்டு ஸ்கேன் முடியும்வரை காத்திருங்கள்.

கணினியில் ஃபயர்வால் இருந்தால் 9000, 9090, 3483 ஆகிய டிசிபி வாயில்களையும் (போர்ட்), 3483 யுடிபி வாயிலையும் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள். பிளேயர்கள் சர்வரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடைசியாகச் சொன்ன யுடிபி வழியாகத்தான். ரௌட்டரில் இந்த வாயில்களை வெளி இணையத்துக்கு ஒருபோதும் திறக்காதீர்கள். இது வீட்டுக்குள் ஒருவரையொருவர் நம்பும் சூழலுக்காக எழுதப்பட்ட மென்பொருள்.

பாட்டுத் தொகுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. கோப்பின் பெயரைவிட அதற்குள் இருக்கும் குறிப்புகள், அதாவது டேக்குகள் முக்கியம். ஆல்பம், கலைஞர், பாட்டு எண் சரியாக இல்லையென்றால் நூலகம் குப்பைக்கூடை ஆகிவிடும். எம்பி3டேக், மியூசிக்பிரெயின்ஸ் பிகார்ட் இரண்டும் இதற்கு நல்ல கருவிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கிவிட்டு மேலே போங்கள்.

படி 3: ஒவ்வொரு அறைக்கும் ஒரு பிளேயர்

லிரியனோடு பேசும் பிளேயர் மென்பொருள்களில் ஸ்குவீஸ்லைட் சிறியது, நம்பகமானது. அதை ராஸ்பெர்ரி பையில் ஓட்ட எளிய வழி பைகோர்பிளேயர். இது டைனி கோர் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. தொடங்கியதும் முழுவதும் நினைவகத்தில் ஏறிக்கொள்ளும். மெமரி கார்டில் எதையும் எழுதிக்கொண்டிருக்காது என்பதால் சுவிட்சை அப்படியே அணைத்தாலும் கார்டு கெடும் வாய்ப்பு மிகக் குறைவு. சமையலறையிலும் படுக்கையறையிலும் இருக்கப்போகும் ஒரு பெட்டிக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டாம்.

எந்த பை? புதிதாக வாங்குவதானால் ஸீரோ 2 டபிள்யூ போதும், ஆனால் அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே உண்டு, ஈதர்நெட் இல்லை. கம்பி இழுக்க முடிந்த அறைக்கு பை 3 அல்லது 4 நல்லது. பை 3, 4இல் உள்ள 3.5 மில்லிமீட்டர் துளையின் ஒலித்தரம் சுமார்தான். பை 5இலும் ஸீரோவிலும் அந்தத் துளையே கிடையாது. அதனால் ஒரு டிஏசி, அதாவது டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் கருவி, வேண்டும். பையின் மேலேயே பொருந்தும் பலகை வகை, யுஎஸ்பி வகை, இரண்டும் வேலை செய்யும். பிசிஎம்5102 அல்லது பிசிஎம்5122 சில்லு உள்ள பலகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. தனி ஆம்ப் (ஒலிபெருக்கும் பெட்டி) வைக்க இடமில்லாத அறைக்கு, ஆம்பும் சேர்ந்தே வரும் பலகைகள் உண்டு. ஸ்பீக்கர் கம்பியை நேரே அதில் முறுக்கிவிடலாம்.

பலகையைப் பொருத்தும்போதும் கழற்றும்போதும் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். மின்வழங்கியில் கஞ்சத்தனம் வேண்டாம். பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 3க்கும் ஸீரோ 2 டபிள்யூவுக்கும் 5 வோல்ட் 2.5 ஆம்பியர். டிராயரில் கிடந்த பழைய போன் சார்ஜரை மாட்டினால், பாட்டு நடுவில் விக்கும், நீங்கள் நெட்வொர்க்கைக் குறைசொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இனி அமைப்பு:

1. பைகோர்பிளேயர் இமேஜை (கார்டு முழுவதற்குமான ஒற்றைக் கோப்பு) இறக்கி, பலேனா எட்சர் அல்லது ராஸ்பெர்ரி பை இமேஜர் கொண்டு மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதுங்கள். 

2. ஈதர்நெட் உள்ள பை என்றால் கேபிளைச் செருகித் தொடங்கிவிடுங்கள். ஸீரோ 2 டபிள்யூ என்றால், எழுதிய கார்டை மறுபடி கணினியில் செருகி, பூட் பகுதியில் இருக்கும் மாதிரி வைஃபை கோப்பைத் திறந்து நெட்வொர்க் பெயர், கடவுச்சொல், நாட்டுக் குறியீடு மூன்றையும் நிரப்புங்கள். கோப்புப் பெயரின் இறுதியில் உள்ள 'சாம்பிள்' என்ற பகுதியை நீக்கிச் சேமியுங்கள். 

3. ரௌட்டரின் இணைந்த சாதனங்கள் பட்டியலைப் பார்த்து பையின் ஐபி முகவரியைக் கண்டுபிடித்து, உலாவியில் திறவுங்கள்.

4. ஸ்குவீஸ்லைட் அமைப்புப் பக்கத்தில் ஆடியோ வெளியீட்டுச் சாதனத்தைத் தேர்ந்தெடுங்கள். பலகையின் பெயர் பட்டியலில் இல்லையென்றால், அதே சில்லு உள்ள வேறொரு பலகையின் பெயர் பெரும்பாலும் பொருந்தும். சேமித்ததும் மறுதொடக்கம் கேட்கும்.

5. பிளேயருக்கு அறையின் பெயரையே வையுங்கள். கூடம், சமையலறை, மாடி. 'பை ஒன்று, பை இரண்டு' என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து எது எது என்று உங்களுக்கே தெரியாது.

6. சர்வரின் ஐபி முகவரியை அதற்கான கட்டத்தில் எழுதிவிடுங்கள். தானே தேடிக்கொள்ளும்தான், ஆனாலும் எழுதிவைத்தால் வைஃபை மந்தமான நாளிலும் உடனே சேரும்.

7. ஒரு பாட்டைப் போட்டுத் தனியாகக் கேளுங்கள். தனியாக ஒழுங்காக ஓடாத பிளேயரைக் குழுவில் சேர்த்தால் மற்றவற்றையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஒவ்வொரு பிளேயரையும் சர்வர் அதன் மேக் முகவரியை (நெட்வொர்க் இணைப்புக்கு உரிய அடையாள எண், மேக் கணினியோடு தொடர்பில்லை) வைத்தே அடையாளம் காண்கிறது. வைஃபையிலிருந்து ஈதர்நெட்டுக்கு மாற்றினால் மேக் மாறும். சர்வர் அதைப் புதிய ஆளாக நினைத்து, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த தாமத அளவுகள் எல்லாவற்றையும் மறந்துவிடும். மாற்றும் எண்ணம் இருந்தால் ஸ்குவீஸ்லைட் அமைப்பிலேயே ஒரு மேக் முகவரியை எழுதி நிலையாக்கிவிடுங்கள்.

பை இல்லாமலும் முடியும். பழைய லேப்டாப்பில் ஸ்குவீஸ்லைட் ஓடும். ஈஎஸ்பி32 என்ற சிறிய வைஃபை சில்லில் ஓடும் வடிவமும் உண்டு. ஏற்கெனவே ஏர்பிளே ஸ்பீக்கர் வைத்திருந்தால், அதற்கான பிரிட்ஜ் செருகுநிரலை (வேறு வகை ஸ்பீக்கரை இணைக்கும் துணை மென்பொருள்) லிரியனில் நிறுவினால் அதுவும் ஒரு பிளேயராகத் தெரியும், ஒத்திசைவும் ஓரளவு நன்றாக இருக்கும். கூகுள் காஸ்ட் ஸ்பீக்கர்களுக்கும், யுபிஎன்பி என்ற பொது முறையில் இயங்கும் ஸ்பீக்கர்களுக்கும் உள்ள பிரிட்ஜ்களில் அந்த அளவு எதிர்பார்க்க வேண்டாம். அவற்றைக் கோடு விழாத அறைகளுக்கு ஒதுக்குங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர்களும் அப்படியே. 100 முதல் 250 மில்லி விநாடி தாமதம் அவற்றில் சாதாரணம், அதுவும் நிலையாக இருக்காது.

படி 4: நெட்வொர்க்

சுருக்காத சிடி ஒலிக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். நான்கு அறை என்றாலும் 6 மெகாபிட்டுக்குள் அடங்கும். வேகமான இணையத் திட்டமோ விலை உயர்ந்த ரௌட்டரோ இதற்குத் தேவையில்லை. தேவைப்படுவது ஒழுங்கு. பாக்கெட்டுகள் சீராக வர வேண்டும்.

முதலில் சர்வரைக் கம்பியில் இணையுங்கள். சர்வரும் பிளேயரும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாட்டும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது. ஒரே ஒரு கம்பிதான் இழுக்க முடியும் என்றால் அது சர்வருக்குத்தான். இரண்டாவது கம்பி கிடைத்தால் வாசலைப் பகிர்ந்துகொள்ளும் அறைகளில் ஒன்றுக்கு.

ரௌட்டரில் சர்வருக்கும் பிளேயர்களுக்கும் ஐபி முகவரியை ஒதுக்கி நிலையாக்குங்கள். எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் சேர்த்த பிளேயர் சர்வரைப் பார்க்கவே முடியாது. சாதனங்களை ஒன்றையொன்று பார்க்கவிடாமல் தடுக்கும் அமைப்பு முதன்மை வைஃபையிலும் சில ரௌட்டர்களில் இயங்கிக்கொண்டிருக்கும், அதையும் அணையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிறுத்துங்கள். தானே சேனல் மாற்றிக்கொள்ளும் ரௌட்டர் பாட்டு நடுவிலும் மாற்றும்.

படி 5: குழு சேர்ப்பது

லிரியனின் இடைமுகமாக மெட்டீரியல் ஸ்கின் செருகுநிரலைப் போட்டுக்கொள்ளுங்கள், போனிலும் கணினியிலும் நன்றாக இருக்கும். அதில் பிளேயர்களை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்து, ஒரு பிளேயரின் மெனுவில் ஒத்திசைவைத் தேர்ந்து, சேர வேண்டிய அறைகளை டிக் செய்தால் முடிந்தது. எந்த அறையிலிருந்து பாட்டை மாற்றினாலும் எல்லா அறையிலும் மாறும்.

தினமும் ஒரே கூட்டணிதான் என்றால் க்ரூப்ஸ் என்ற செருகுநிரல் உதவும். 'வீடு முழுவதும்' என்று ஒரு கற்பனை பிளேயரை உருவாக்கி, அதில் பாட்டைப் போட்டால் உறுப்பு அறைகள் தாமாகச் சேர்ந்துகொள்ளும்.

குழுவில் எல்லோருக்கும் பொருந்தும் ஒலி வடிவத்தையே சர்வர் அனுப்பும். ஒரு அறை டிஏசி 48 கிலோஹெர்ட்ஸ்வரைதான் தாங்கும் என்றால், அந்தக் குழு முழுவதற்கும் உயர்தரக் கோப்புகள் அந்த அளவுக்கு இறக்கப்படும். இணைய வானொலியைக் குழுவில் போட்டால் ஒரே ஓடையைச் சர்வர் வாங்கி எல்லோருக்கும் பகிர்ந்துகொடுக்கும். ஆளுக்கொரு இடத்திலிருந்து தொடங்கும் குழப்பம் வராது.

படி 6: தாமதத்தை அளந்து சரிசெய்வது

பலரும் தவிர்க்கும் படி இதுதான். ஒரே மாதிரி பை, ஒரே மாதிரி டிஏசி வைத்த அறைகளில் உண்மையிலேயே இதற்கு அவசியம் இருக்காது. ஆனால் ஒரு அறையில் ஹோம் தியேட்டர் ரிசீவரோ சவுண்ட்பாரோ இருந்தால், அது உள்ளே வரும் ஒலியைத் தானும் பதப்படுத்திவிட்டுத்தான் வெளியே விடும். அந்தப் பத்து, நாற்பது, நூறு மில்லி விநாடிகள் சர்வருக்குத் தெரியவே தெரியாது. பிளேயர் சரியான நேரத்தில் கொடுத்துவிட்டதாகத்தான் அறிக்கை வரும்.

முதலில் ரிசீவரில் 'டைரக்ட்' போன்ற, பதப்படுத்தலைத் தவிர்க்கும் முறை இருந்தால் அதைப் போடுங்கள். மீதியை இப்படி அளக்கலாம்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் தாள ஓசை உருவாக்கும் வசதி இருக்கிறது. இரண்டு விநாடிக்கு ஒரு 'டிக்' என்று ஐந்து நிமிட ஓசையை உருவாக்கி, ஃப்ளாக் கோப்பாக (தரம் குறையாத ஒலிக்கோப்பு வகை) சேமித்து, நூலகத்தில் சேருங்கள். இரண்டு அறைகளை மட்டும் குழுவாக்கி அதை ஓடவிடுங்கள். போனில் ஒலிப்பதிவு செயலியைத் திறந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில், பெரும்பாலும் வாசலில், வைத்துப் பதிவு செய்யுங்கள். அரை நிமிடம் கழித்து ஒரு அறையின் ஒலியை முழுவதும் அடக்கிவிட்டு இன்னும் சிறிது நேரம் பதிவு ஓடட்டும்.

பதிவை ஆடாசிட்டியில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு டிக்கும் இரட்டைச் சிகரமாகத் தெரியும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே விலகல். யார் முந்துகிறார்கள்? அடக்கிய பிறகு எஞ்சியிருக்கும் ஒற்றைச் சிகரத்திலிருந்து இரண்டிரண்டு விநாடியாகப் பின்னோக்கிப் போங்கள். அது இரட்டைச் சிகரத்தில் முதலாவதோடு பொருந்தினால், ஒலித்துக்கொண்டிருந்த அறை முந்துகிறது. இரண்டாவதோடு பொருந்தினால் பிந்துகிறது. சம தூரத்தில் வைக்க முடியவில்லையென்றால், ஒரு மீட்டர் வித்தியாசத்துக்கு 3 மில்லி விநாடி என்று கழித்துக்கொள்ளுங்கள்.

பாட்டை நிறுத்தி மறுபடி தொடங்கி, இன்னும் சில முறை அளந்து பாருங்கள். எண்கள் மூன்று விதமாக வரலாம், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

எத்தனை முறை தொடங்கினாலும் ஒரே விலகல் வந்தால், அது வெளிச்சாதனத்தின் நிலையான தாமதம். லிரியனின் பிளேயர் அமைப்புகளில் ஒத்திசைவுப் பகுதிக்குப் போய், பிந்தும் அறையின் ஆடியோ தாமதக் கட்டத்தில் அந்த எண்ணை மில்லி விநாடியில் எழுதுங்கள். மறுபடி அளந்தால் விலகல் குறைந்திருக்க வேண்டும். இரட்டிப்பானால் எண்ணை எழுத வேண்டியது மற்ற அறையில்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு விலகல், ஆனால் சில விநாடிகளில் தானே சரியாகிவிடுகிறது என்றால், அது தொடக்கத் தடுமாற்றம். சாதனம் ஒலியை விழுங்கி விழித்தெழ நேரம் எடுத்துக்கொள்கிறது. அதே பகுதியில் உள்ள தொடக்கத் தாமத அளவைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். பாட்டின் முதல் சில விநாடிகள் மட்டும்தானே, நான் இதைக் கண்டுகொள்வதில்லை.

சரியாகத் தொடங்கி, பாட்டு ஓட ஓட விலகிக்கொண்டே போனால் அது கடிகார நழுவல். அந்தப் பிளேயரில் ஒத்திசைவைத் தொடர்ந்து காக்கும் தேர்வு அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குக் கீழேயே, எவ்வளவு விலகினால் திருத்த வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவு இருக்கும். பக்கத்து அறைகளுக்கு 10 நல்ல எண். இதை 2, 3 என்று இறுக்க ஆசை வரும், வேண்டாம். வைஃபை தடுமாறும்போது வரும் தவறான அறிக்கைகளுக்கெல்லாம் சர்வர் திருத்தம் செய்யப் புறப்பட்டு, பாட்டில் சின்னச் சின்ன வெட்டுகள் கேட்கத் தொடங்கும். தூரத்து அறைகளுக்கு 30 வரை தளர்த்திவிடலாம்.

படி 7: ஒலி அளவு

ஆம்பில் தனியாகக் குமிழ் இருந்தால், எங்கிருந்து ஒலியைக் கூட்டிக் குறைப்பது என்று ஒன்றைத் தீர்மானியுங்கள். செயலியிலிருந்து என்றால், செயலியில் முழு அளவு வைத்து, ஆம்பின் குமிழை அந்த அறைக்கு என்றைக்காவது தேவைப்படக்கூடிய அதிகபட்சச் சத்தம் வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அப்புறம் யாராவது தெரியாமல் நூறு என்று இழுத்தாலும் ஸ்பீக்கர் கிழியாது.

ஒலி அளவையும் சேர்த்து ஒத்திசைக்கும் தேர்வு இருக்கிறது. அணைத்தே வையுங்கள். சிறிய சமையலறைக்கும் பெரிய கூடத்துக்கும் ஒரே எண் பொருந்தாது. பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்குவதற்கு ரீப்ளேகெயின் குறிப்புகளை (பாட்டின் சத்தத்தை எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்ற அளவு) கோப்புகளில் சேர்த்து, பிளேயர் அமைப்பில் 'ஸ்மார்ட் கெயின்' தேர்ந்தெடுக்கலாம். ஆல்பமாகக் கேட்டால் ஆல்பத்தின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிடும், கலந்து கேட்டால் சமன் செய்யும். குழுவில் உள்ள எல்லாப் பிளேயர்களிலும் ஒரே தேர்வு இருக்க வேண்டும்.

படி 8: யார், எதிலிருந்து இயக்குவது

வீட்டில் உள்ள மற்றவர்கள் பயன்படுத்தாத அமைப்பு ஒரு வருடத்தில் தூசிபடிந்துவிடும். மெட்டீரியல் ஸ்கின் பக்கத்தை ஒவ்வொருவர் போனிலும் முகப்புத் திரையில் சேர்த்துக் கொடுங்கள். செயலி வேண்டும் என்பவர்களுக்கு ஆண்ட்ராய்டில் ஸ்குவீசர், ஐபோனில் ஐபெங் உண்டு. அடிக்கடி கேட்கும் வானொலிகளையும் பிளேலிஸ்ட்களையும் விருப்பப் பட்டியலில் மேலே வையுங்கள். ஒவ்வொரு பிளேயருக்கும் தனித்தனியாக அலாரம் வைக்கலாம், மின்சாரம் போய் வந்தால் பாட்டு தானே தொடங்க வேண்டுமா, அமைதியாக இருக்க வேண்டுமா என்றும் தேர்ந்தெடுக்கலாம். பின்னிரவில் மின்சாரம் வந்து வீடே பாடத் தொடங்குவதை விரும்பாதவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு எஸ்டி கார்டையும் ஒரு இமேஜாக எடுத்து வையுங்கள். சர்வரின் விருப்ப அமைப்புக் கோப்புறையையும் நகலெடுங்கள். அளந்து எழுதிய தாமத எண்கள் அங்கேதான் இருக்கின்றன.

சில தொல்லைகள்

பிளேயர் பட்டியலிலேயே தெரியவில்லை: விருந்தினர் வைஃபை, ஃபயர்வால், தவறான சர்வர் முகவரி, இந்த வரிசையில் பாருங்கள். ஒரே இமேஜை இரண்டு பைகளில் போட்டு, மேக் முகவரியையும் கையால் ஒன்றாக எழுதியிருந்தால், இரண்டில் ஒன்று மாறி மாறி மறைந்து தோன்றும்.

குழுவாக இருக்கும்போது மட்டும் எல்லா அறையும் நின்று நின்று ஓடுகிறது: பலவீனமான ஒரு பிளேயர் மற்றவர்களைக் காத்திருக்க வைக்கிறது. ஒவ்வொன்றாகக் குழுவிலிருந்து எடுத்துப் பாருங்கள், யாரை எடுத்ததும் சரியாகிறதோ அவர்தான். பெரும்பாலும் அந்த அறையின் வைஃபை, சில நேரம் மின்வழங்கி.

ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று இரைச்சல்: ஒத்திசைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பையின் மின்வழங்கியும் ஆம்பும் வேறு வேறு சுவர் இணைப்பிலிருந்தால் இரண்டையும் ஒரே சுவிட்ச் பலகைக்கு மாற்றிப் பாருங்கள். போகவில்லையென்றால், ஆம்பில் ஆப்டிகல் உள்ளீடு இருந்தால், டிஜிட்டல் ஒலியை ஆப்டிகல் கேபிளில் வெளியேற்றும் பலகை இரண்டுக்கும் இடையே உள்ள மின் தொடர்பையே துண்டித்து அந்தச் சிக்கலைத் தீர்க்கும்.

தொலைக்காட்சி ஒலியையும் எல்லா அறைகளிலும் கேட்க முடியுமா என்று கடைசியில் எல்லோரும் கேட்பார்கள். ஒலியைச் சர்வருக்குள் ஏற்றி அனுப்ப வழி உண்டு, ஆனால் ஒத்திசைவு நிலைத்திருப்பதே சில விநாடி ஒலியை முன்கூட்டியே சேமித்துவைப்பதால்தான். சமையலறையில் செய்தி கேட்க அது போதும். திரை இருக்கும் அறையில் உதடும் குரலும் பொருந்தாது, அங்கே தொலைக்காட்சியின் ஒலியை ஆம்பின் வேறொரு உள்ளீட்டில் நேரே கொடுத்துவிடுங்கள்.